புழுவின் ஆயுளும் அம்மாவின் சோறும்

கேள்வி: எனக்கு வயது 47. தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் வியாபாரம் செய்கிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா 96 வயது வரை நடமாடிக்கொண்டிருந்தார். என் அப்பாவோ 52 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்த வயது நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடுகிறது. சிந்தியா கென்யன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் செய்து ஓர் உயிரின் ஆயுளை இரட்டிப்பாக்கினார் என்றும், சர்க்கரை ஆயுளைக் குறைப்பதைக் கண்டபின் மாவுச்சத்து உணவுகளை அவரே விட்டுவிட்டார் என்றும் படித்தேன். நான்கு மாதமாக எங்கள் வீட்டில் சோறு, இட்லி, தோசை எதுவும் கிடையாது. 76 வயதான அம்மாவுக்கும் அப்படித்தான். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. 54 கிலோ இருந்தவர் 48 கிலோ ஆகிவிட்டார். உடம்பு லேசாக இருக்கிறது என்கிறார். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்வது சரிதானா? 'நீண்ட ஆயுள் மரபணு' எனக்கு இருக்கிறதா என்று எச்சிலைப் பரிசோதித்துச் சொல்கிறார்களாம், செய்துகொள்ளலாமா? ரெஸ்வெரட்ரால் மாத்திரை வாங்கலாமா? பிளஸ் டூ படிக்கும் என் மகள் இந்த ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். எங்கே சேர்ப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் விஷயம். இன்றே அவருக்குச் சோறு போடுங்கள். இட்லியும் கொடுங்கள். கூடவே பருப்பு, தயிர், சாப்பிடுபவர் என்றால் முட்டை, மீன் என்று புரதமும் தட்டில் இருக்கட்டும். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான்கு மாதத்தில் ஆறு கிலோ என்பது அவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். முதியவர் ஒருவர் ஆறு மாதம், ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் இழந்தாலே காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி. உணவை மாற்றியதால்தான் இளைத்தார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் தைராய்டு, இரத்தசோகை, காசநோய், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அப்படி முடிவு கட்டலாம்.

எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி அதுதான். இந்த வயதில் சாப்பாடு குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தொடையில் வலு போனால் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் ஆபத்து உண்டு. அவர் நெடுநாள் வாழ வேண்டும் என்ற ஆசையில்தான் இதைச் செய்தீர்கள் என்பது தெரிகிறது. தெரிவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. மூலக்கூறு உயிரியல் கற்பிக்கிறேன். கென்யன் ஆராய்ந்த அதே புழுவை ஆய்வகத்தில் வளர்க்கிறேன். அவர் எதைக் கண்டுபிடித்தார், எது வரைக்கும் கண்டுபிடித்தார் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மருந்தையும் சிகிச்சையையும் உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் 'ஓர் உயிர்' என்று குறிப்பிட்டது சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். அழுகும் பழங்களிலும் தண்டுகளிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. முட்டை இடப்பட்ட மூன்று நாளில் புழு வளர்ந்து, தானே முட்டையிடத் தொடங்கும். மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்தால், வளர்ந்த இருபால் புழுவின் உடலில் சரியாக 959 செல்கள். இந்த அளவு எளிமையானது என்பதால்தான் 1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்தார். முனைவர் பட்டத்துக்குப் பின் கென்யன் பயிற்சி பெற்றது அவரிடம்தான்.

புழுவின் ஆயுளை எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் பல விஷயங்கள் விளங்கும். அகார் ஊற்றிய சிறு தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசி, ஒரே நாளில் பிறந்த புழுக்களை விடுகிறோம். அவை முட்டையிடும் நாட்களில் ஒவ்வொன்றாகப் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் எது தாய், எது பிள்ளை என்று தெரியாமல் போய்விடும். இரண்டாவது வாரம் நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் கண்கூடு. தட்டு முழுக்க நெளிந்து திரிந்தவை ஓரிடத்தில் கிடக்கின்றன. தசை தளர்ந்து, உடலுக்குள் எல்லாம் கலங்கிப்போயிருக்கிறது. நுனி தட்டையான பிளாட்டினக் கம்பியால் தலையை மெல்லத் தொடுவோம். அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் இறந்தது என்று குறித்து எடுத்துவிடுவோம். தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோனவை கணக்கில் சேராது, ஏனென்றால் அவை முதுமையால் சாகவில்லை. இப்படி அன்றாடம் எண்ணிக்கொண்டே வந்தால்தான், எந்த நாளில் எத்தனை புழுக்கள் உயிரோடு இருந்தன என்று காட்டும் ஆயுள்கோடு ஒன்று கடைசியில் கிடைக்கும்.

1993இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென்யனும் மாணவர்களும் இப்படி எண்ணித்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். டாஃப்-2 என்ற மரபணுவில் ஒரு திரிபு, அதாவது ஒரு மாற்றம். அது உள்ள புழுக்கள் சாதாரணப் புழுக்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்ந்தன. சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தன என்று எண்ண வேண்டாம். சாதாரணப் புழு படுத்துவிட்ட வயதில் இவை ஓடிக்கொண்டிருந்தன. முதுமையே தாமதமாக வந்தது.

உண்மையில், ஒரு திரிபு ஆயுளைக் கூட்டும் என்று முதலில் காட்டியவர் கென்யன் அல்லர். 1983இல் மைக்கேல் கிளாஸ் நீண்ட நாள் வாழும் புழுக்களைப் பிரித்தெடுத்திருந்தார். 1988இல் டாம் ஜான்சன் குழுவினர் ஏஜ்-1 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. உடல் தேய்ந்து தேய்ந்து சிதைவதுதான் முதுமை, அதை எந்த மரபணு போய்க் கட்டுப்படுத்தும் என்பதே பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது. கென்யனின் பங்களிப்பு வேறு. இந்த நீண்ட ஆயுளுக்கு டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு வேலை செய்தாக வேண்டும், அது பழுதானால் கூடுதல் ஆயுளும் போய்விடும் என்று அதே ஆய்வில் காட்டினார். அதாவது தேய்மானம் என்று நினைத்த இடத்தில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருந்தது. என் துறையில் நடந்த மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

1997இல் கேரி ருவ்குனின் குழு டாஃப்-2 என்ன என்பதைக் கண்டது: அது நம் உடலில் இன்சுலினையும், வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் உறவுக்காரன். டாஃப்-16 நம் உடலில் உள்ள ஃபாக்ஸோ என்ற மரபணுக்களின் உறவுக்காரன். நீங்கள் நெல் வியாபாரி, எளிதில் புரியும்: மழை நன்றாகப் பெய்த வருடம் கையில் இருப்பதையெல்லாம் விதைப்பில் போடும் விவசாயி, மழை பொய்க்கும் என்று தெரிந்தால் விதைநெல்லைக் குதிரில் போட்டுப் பாதுகாப்பான். உணவு தாராளமாக இருக்கிறது என்ற சேதியை டாஃப்-2 உள்ளே அனுப்பும்போது செல் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் செலவழிக்கிறது. அந்தச் சேதி குறையும்போது டாஃப்-16 செல்லின் உட்கருவுக்குள் போய், பழுதுபார்ப்பதற்கும் நஞ்சை முறிப்பதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் உரிய ஏராளமான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பட்டினியிலும் நெருக்கடியிலும் இந்தப் புழு இளம் பருவத்திலேயே 'டௌவர்' என்ற நிலைக்குப் போய், தின்னாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். டாஃப்-2, டாஃப்-16 இரண்டையும் விஞ்ஞானிகள் முதலில் அறிந்ததே அந்த நிலையை ஆராயும்போதுதான்.

சரி, இவ்வளவு நல்ல திரிபு இயற்கையில் ஏன் பரவவில்லை? இந்தக் கேள்வியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டாஃப்-2 திரிபுப் புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வு அது. நான்கே தலைமுறையில் நீண்ட ஆயுள்காரர்கள் அற்றுப்போனார்கள். இளமையில் அவை போதுமான பிள்ளைகளைப் பெறவில்லை. உணவு எப்போதும் கிடைக்கும், எதிரி கிடையாது, வெப்பம் மாறாது என்ற ஆய்வகத்தில்தான் அந்த இரட்டை ஆயுள் செல்லுபடியாகிறது.

புழுவிலிருந்து மேலே வர வர ஆதாயம் சுருங்குகிறது. 2003இல் வெளிவந்த ஆய்வில், ஐஜிஎஃப்-1 ஏற்பி பாதியாகக் குறைந்த பெண் எலிகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்தன. ஆண் எலிகளிடம் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. நாய்களில் சிறிய இனங்கள் பெரிய இனங்களைவிட அதிக நாள் வாழ்வதும், அவற்றின் சிறிய உருவத்துக்கு ஐஜிஎஃப்-1 மரபணுவின் ஒரு வடிவம் காரணமாக இருப்பதும் தெரிந்ததே.

மனிதரில் இதற்கு மிக நெருக்கமான சான்று தென் ஈக்வடாரில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி வேலை செய்யாத லாரன் நோய்க்குறி உள்ளவர்களை ஹைமே கெவாரா அகீரே என்ற மருத்துவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மிகக் குள்ளமானவர்கள், உடலில் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. முதுமை ஆய்வாளர் வால்டர் லோங்கோவோடு சேர்ந்து 2011இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களிடையே புற்றுநோயும் சர்க்கரை நோயும் உறவினர்களைவிட மிக அரிது. அதனால் அவர்கள் 150 வயது வாழ்ந்தார்களா? இல்லை. மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாகவும் காணவில்லை. விபத்து, வலிப்பு, மது என்று வேறு காரணங்களால் இறந்தார்கள். நோய் குறைவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி உங்கள் சோற்றுக்கு வருகிறேன். கென்யனின் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் புழுக்களின் உணவோடு 2 சதவீதம் குளுகோஸ் சேர்த்தார்கள். ஆயுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவுகளைத் தாம் குறைத்துக்கொண்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னதும் உண்மைதான். ஆனால் பாக்டீரியா தின்னும் புழுவுக்குக் குளுகோஸ் பூசுவதிலிருந்து 76 வயது தாய்க்கு இட்லியை நிறுத்துவது வரைக்கும் உள்ள தூரத்தை எந்த ஆய்வும் கடந்துவரவில்லை. கென்யன் தம் தட்டில் செய்தது ஒருவரின் சொந்தத் தேர்வு. மாவுச்சத்தே ஆயுளுக்குப் பகை என்றால் ஒகினாவாவின் பழைய தலைமுறையை எப்படி விளக்குவது? அவர்கள் சாப்பாட்டில் பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

வயது இன்னொரு விஷயம். லோங்கோ பங்குகொண்ட 2014ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 50 முதல் 65 வயது வரை அதிகப் புரதம் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. 65 வயதுக்கு மேல் அது தலைகீழாகிவிட்டது. புரதம் குறைத்தவர்களுக்குத்தான் பாதகம். கேட்டுப் பதிந்த உணவுக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதை வேதவாக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 47 வயது மகனுக்கும் 76 வயது தாய்க்கும் ஒரே உணவுத் திட்டம் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உங்களுக்கு மட்டும் என்றால் பதில் வேறு. தீட்டிய அரிசிச் சோற்றைக் குறைப்பது உங்கள் வயதில் நல்லதுதான். அதற்குக் காரணம் புழுவில் இல்லை, மனிதரில் இருக்கிறது: சென்னையின் சர்க்கரை நோய் நிபுணர் வி. மோகனும் பங்குகொண்ட, 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2020இல் வெளியானது. நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெந்த சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது; அந்த வேறுபாடு மிக அதிகமாக இருந்தது நம் தெற்காசியாவில். குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அந்த இடத்தைப் பருப்பும் காய்கறியும் பிடிக்கட்டும்.

எச்சில் பரிசோதனை வேண்டாம். பணம் வீண் என்பதோடு, அதன் விடை உங்களை எந்தப் பக்கமும் வழிநடத்தாது. மனிதரில் ஃபாக்ஸோ-3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருவதை, ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008இல் பிராட்லி வில்காக்ஸ் குழுவினர் காட்டினார்கள். பிறகு ஜெர்மனியிலும் அது உறுதியானது. புழுவின் டாஃப்-16 நம்மிடம் ஃபாக்ஸோவாக இருந்து, அதுவே ஆயுளோடு தொடர்பு காட்டியது உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் அந்த வடிவத்தை வைத்துக்கொண்டே சராசரி வயதில் இறப்பவர்கள் ஏராளம். அது இல்லாமலே 95 வயதைத் தாண்டியவர்களும் உண்டு. கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் புள்ளிவிவரம் அது. உங்கள் ஒருவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தாத்தாவின் 96 வயதைப் பற்றியும் கேட்பீர்கள். டென்மார்க்கில் 2,872 இரட்டையர் ஜோடிகளை வைத்து 1996இல் செய்த ஆய்வு, ஆயுள் வேறுபாட்டில் சுமார் கால் பங்குதான் மரபுவழி என்றது. 2018இல், கென்யன் பின்னாளில் சேர்ந்த கேலிகோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கோடிக்கணக்கான பேரின் குடும்ப மரங்களை அலசி, அது 10 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இரத்த உறவே இல்லாத மைத்துனர், மைத்துனிகளின் ஆயுளும் ஒத்துப்போனது. நம்மைப் போன்றவர்களையே பார்த்துத் திருமணம் செய்கிறோம். வசதி, படிப்பு, பழக்கம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நீண்ட ஆயுள் குடும்பத்தில் ஓடுவதால் இரத்தத்தில் ஓடுகிறது என்று எண்ணிவிடுகிறோம். இந்தச் சதவீதத்தைப் பற்றி விஞ்ஞானிகளிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. நூறைத் தாண்டுபவர்களிடம் மரபணுக்களின் பங்கு அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரெஸ்வெரட்ரால் வேண்டாம். திராட்சைத் தோலில் உள்ள ஒரு வேதிப்பொருள் அது. 2003இல் ஈஸ்ட்டின் ஆயுளை அது கூட்டுகிறது என்று செய்தி வந்து உலகமே பரபரத்தது. அதை நம்பித் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற மருந்து நிறுவனம் 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது; 2013இல் அதன் ஆய்வகத்தை மூடியது. சாதாரண உணவு உண்ணும் எலிகளின் ஆயுளை ரெஸ்வெரட்ரால் நீட்டவில்லை என்பதை அமெரிக்க அரசு நிதியில் பல ஆய்வகங்கள் சேர்ந்து நடத்திய சோதனையே காட்டிவிட்டது.

இப்போது அப்பா. 52 வயதில் மாரடைப்பு. ஆணுக்கு 55 வயதுக்கு முன் வரும் இதயநோயை மருத்துவர்கள் 'இளவயது இதயநோய்' என்று கணக்கிடுகிறார்கள். அது அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூடுதல். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் மற்ற நாட்டவருக்கு 59 வயதிலும் வருவதைப் பல நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. ஆயுள் மரபணுவைத் தேடி அலையும் நீங்கள், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவைப் பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வாரம் அம்மாவோடு நீங்களும் இரத்தம் கொடுங்கள்: கொழுப்பு வகைகள், லிப்போபுரதம் (ஏ), மூன்று மாதச் சராசரி சர்க்கரை. இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். லிப்போபுரதம் (ஏ) என்பது இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள்; அதன் அளவு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். எல்டிஎல் மிக அதிகமாக, டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குடும்பவழிக் கொழுப்பு மிகைப்பா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் மரபணுக் கோளாறு அது. மரபணுப் பரிசோதனை பொருள் தருவது அங்கேதான்: இருப்பது தெரிந்தால் மருந்து இருக்கிறது, மகளுக்கும் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். புகைப்பவர் என்றால் இன்றோடு விட்டுவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ மூச்சு வாங்குவதோ இருந்தால், பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக மகள். அவளுடைய ஆசையைக் கேட்டு மகிழ்ந்தேன். பிளஸ் டூவில் உயிரியலோடு கணக்கையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் இன்று புள்ளியியல் தெரியாமல் நகர முடியாது. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் சேர ஐஏடி என்ற நுழைவுத்தேர்வு உண்டு. உங்களுக்கு அருகில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இளநிலை அறிவியல் படிப்பு இருக்கிறது. முதுமையின் மரபியலை இதே புழுவில் ஆராய்பவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்: டெல்லியில் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் அர்ணவ் முகோபாத்யாய் நடத்தும் ஆய்வகம் ஒன்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌசிகாவின் குழு இந்தப் புழுவின் நரம்புகளை ஆராய்கிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் அதற்கு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் வாக்கில் முடிந்துவிடும், தேதியைத் தவறவிட வேண்டாம்.